கார் ரிமோட்டின் சொந்த ஊர்

பழைய கார் ஒன்றைக் கைமாற்றி வாங்குபவர் எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார், டயரைப் பார்ப்பார், ஆர்.சி. புத்தகத்தைச் சரிபார்ப்பார். சாவிக்கொத்தில் தொங்கும் சின்னக் கறுப்பு ரிமோட்டைப் பெரும்பாலும் யாரும் அழுத்திப் பார்ப்பதில்லை. வீட்டுக்கு வந்தபின்தான் விஷயம் தெரியவரும். பட்டன் தேய்ந்து உள்ளே போயிருக்கும், அல்லது இரண்டு ரிமோட்டில் ஒன்று எப்போதோ தொலைந்திருக்கும். கார் கம்பெனியின் ஷோரூமில் கேட்டால், இது எங்கள் பொருள் இல்லை என்பார்கள். அது உண்மைதான். 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் மாருதி 800, ஜென், இண்டிகா போன்ற கார்களுக்கு சென்ட்ரல் லாக்கும் அலாரமும் பெரும்பாலும் வெளிக்கடையில் போடப்பட்டவை. சென்னையில் அதற்கென்றே ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு இருந்தது, இன்றும் இருக்கிறது. அன்று போட்ட பெட்டி இன்னும் டேஷ்போர்டுக்கு அடியில் உயிரோடு இருக்கும். அதற்கு ரிமோட் செய்த கம்பெனியோ அந்த மாடலைக் கைவிட்டுப் பல வருடம் ஆகியிருக்கும்.

அனுபவமுள்ள கடைக்காரர் ரிமோட்டை வாங்கியதும் பிராண்டு பெயரைப் பார்க்கமாட்டார். முதுகுப்புறத்தைத் திருப்பி அங்கே ஒட்டியிருக்கும் எண்ணைத் தேடுவார். பெரும்பாலும் அது 433.92 மெகாஹெர்ட்ஸ் என்றிருக்கும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தால் தெற்கு ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹே என்ற ஊரில் போய் நிற்போம்.

1885ஆம் ஆண்டு கார்ல்ஸ்ரூஹே தொழில்நுட்பக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் இடம் காலியானது. அங்கிருந்த ஃபெர்டினாண்ட் பிரவுன் ட்யூபிங்கனுக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு வந்தவர் ஹாம்பர்க்கில் பிறந்த 28 வயது ஹைன்ரிஹ் ஹெர்ட்ஸ். மின்சாரமும் காந்தமும் சேர்ந்து வெளியில் அலையாகப் பரவும் என்று மாக்ஸ்வெல் ஏற்கெனவே கணக்குப் போட்டிருந்தார். அதைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. 1886இல் ஹெர்ட்ஸ் கல்லூரியின் கருவி அறையில் கிடந்த ஒரு ஜோடிக் கம்பிச்சுருள்களை எடுத்து மாணவர்களுக்கு ஒரு செய்முறை காட்ட முனைந்தார். ஒரு சுருளில் மின்சாரத்தைப் பாய்ச்சியபோது, அதோடு எந்த இணைப்பும் இல்லாத பக்கத்துச் சுருளின் முனைகளுக்கு நடுவே சின்னப் பொறி ஒன்று தாவியது. எதிர்பாராமல் வந்த பொறி அது. அவர் அதை விடவில்லை. மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு, அந்தப் பொறியின் பின்னால் மூன்று வருடம் போனார்.

1888 டிசம்பருக்குள் அவரிடம் முழு ஏற்பாடும் தயாராகிவிட்டது. 2 மீட்டர் உயரத்தில் துத்தநாகத் தகட்டை வளைத்துச் செய்த இரண்டு ஆடிகள், ஒன்றின் நடுவில் பொறி பறக்கும் பித்தளைக் கம்பி, மற்றொன்றின் நடுவில் பொறியைப் பிடிக்கும் கம்பி. அரை டன்னுக்கு மேல் எடையுள்ள கீல் பட்டகம் ஒன்றைக்கூட வார்த்து வைத்து, ஒளி கண்ணாடியில் வளைவதைப் போல இந்த அலையும் வளைகிறது என்று காட்டினார். எனக்கு மிகவும் பிடித்த சோதனை அவர் கதவை வைத்துச் செய்ததுதான். ஒரு ஆடியை அடுத்த அறையில் வைத்து நடுவிலிருந்த மரக்கதவைச் சாத்தினார். கதவு மூடியிருந்தும் அந்தப் பக்கம் பொறி விழுந்தது. அதைக் கண்டு தமக்கே வியப்பாக இருந்ததை அவர் தம் கட்டுரையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

அன்று அவர் பயன்படுத்திய அலையின் நீளம் ஏறக்குறைய 66 சென்டிமீட்டர். நம் ரிமோட்டின் 433.92 மெகாஹெர்ட்ஸை அலைநீளமாக மாற்றினால் 69 சென்டிமீட்டர் வரும். வானொலியும் கப்பல் தந்தியும் பிற்பாடு நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான மீட்டர் நீள அலைகளைத் தேடிப் போயின. கைக்கு அடக்கமான ரிமோட் மட்டும், நூறு வருடம் கழித்து, ஹெர்ட்ஸ் அன்று நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தது. காரணம் எளிது. அலை குட்டையாக இருந்தால் ஆன்டெனாவும் சிறியதாக இருக்கலாம். ரிமோட்டைத் திறந்தால் பச்சைப் பலகையின் ஓரத்தில் ஓடும் தாமிரக் கோடு தெரியும். அதுதான் ஆன்டெனா.

அதே கார்ல்ஸ்ரூஹேவுக்குக் காரோடும் உறவு உண்டு. கார்ல் பென்ஸ் பிறந்தது 1844இல், இன்று இந்நகரின் பகுதியாகிவிட்ட மூல்பூர்க்கில். படித்தது ஹெர்ட்ஸ் பின்னாளில் பாடம் நடத்திய அதே கல்லூரியில். அவர் தம் மூன்று சக்கர வண்டியை மான்ஹைமில் ஓட்டிப் பார்த்தது 1885இல், அதாவது ஹெர்ட்ஸ் கார்ல்ஸ்ரூஹேவுக்கு வந்த வருடத்தில். 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு, கணவரிடம் சொல்லாமல், மான்ஹைமிலிருந்து தாய் வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைம் வரை அந்த வகை வண்டி ஒன்றை ஓட்டிப் போனார். இன்று கார்ல்ஸ்ரூஹேவோடு சேர்ந்திருக்கும் க்ரோட்சிங்கன் வழியாகத்தான் அந்தப் பாதை போகிறது. உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணம் ஊரின் ஓரத்தைத் தொட்டுப் போனபோது ஊருக்குள் ஹெர்ட்ஸ் பொறிகளோடு இருந்தார். காரும் அலையும் அவ்வளவு பக்கத்தில் இருந்தும், இரண்டும் சாவி விஷயத்தில் சேர இன்னும் 90 வருடத்துக்கு மேல் ஆக வேண்டியிருந்தது. பெர்த்தாவின் வண்டிக்கோ சாவியே கிடையாது. பின்னால் இருந்த பெரிய சக்கரத்தைக் கையால் சுழற்றினால் கிளம்பிவிடும்.

ஹெர்ட்ஸ் 1889இல் பான் நகருக்குப் போனார். 1894 புத்தாண்டு நாளில், 36 வயதில், இறந்தார். அதன் பிறகு அலை ஊர் ஊராகப் பிரிந்தது. கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் 1895 வாக்கில் மக்கள் கூடிய இடத்திலேயே இந்த அலையை அனுப்பி, தூரத்தில் இருந்த மணியை அடிக்கவைத்தார், வெடிமருந்தையும் பற்றவைத்தார். தொட்டுக்கொள்ளாமல் தொலைவிலிருந்து மணியடிப்பது என்பதுதானே கார் அலாரத்தின் வேலையில் பாதி? இத்தாலியில் மார்கோனி ஹெர்ட்ஸின் சோதனைகளைப் படித்துவிட்டுத் தந்தி அனுப்பக் கிளம்பினார். கார்ல்ஸ்ரூஹேவை விட்டுப் போன பிரவுன் ஸ்ட்ராஸ்பூர்க்கில் அந்தக் கருவியை மேம்படுத்தி, 1909இல் மார்கோனியோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

1898இல் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் நிகோலா டெஸ்லா ஒரு தொட்டியில் சிறு படகை மிதக்கவிட்டு, கம்பியில்லாமல் அதைத் திருப்பினார், விளக்கை ஏற்றி அணைத்தார். ரிமோட் என்று நாம் சொல்வதற்கு அதுவே மூதாதை. டெஸ்லாவுக்கு உடனே இன்னொரு கவலையும் வந்தது. யார் வேண்டுமானாலும் அலையை அனுப்பலாம் என்றால், படகு யார் சொல்வதைக் கேட்கும்? 1903இல் அவர் பெற்ற காப்புரிமை ஒன்றில், இரண்டு வெவ்வேறு அலைவரிசைகள் சேர்ந்து வந்தால் மட்டுமே வேலை செய்யும் கருவி விவரிக்கப்படுகிறது. ரிமோட்டுக்குக் குறியீடு வேண்டும் என்ற எண்ணத்தின் முளை அது.

அந்தக் கவலை வீண் இல்லை என்று அதே வருடம் லண்டனில் தெரிந்தது. 1903 ஜூனில் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் மார்கோனியின் தந்தியை மேடையில் விளக்க இருந்தார். தொலைவிலிருந்து மார்கோனியின் செய்தி வருவதற்கு முன்பே, மேடையிலிருந்த கருவி தானாகக் கேலிச் செய்திகளைத் தட்ட ஆரம்பித்தது. அனுப்பியவர் நெவில் மாஸ்கலின் என்ற மாயவித்தைக்காரர். தம் கருவிக்குள் பிறர் புக முடியாது என்று மார்கோனி சொல்லிவந்ததை அவர் பொய்யாக்கிக் காட்டினார். அவரை வேலைக்கு அமர்த்தியிருந்தது கிழக்கு நாடுகளுக்குக் கடலடிக் கேபிள் போட்டிருந்த ஈஸ்டர்ன் டெலிகிராஃப் கம்பெனி. கம்பியில்லாத் தந்தி வந்தால் கேபிள் வியாபாரம் படுத்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு. அலைத்திருட்டின் முதல் பெரிய சம்பவத்துக்குப் பின்னால் வியாபாரப் போட்டிதான் இருந்தது.

அடுத்த பெரிய தாவல் போரில். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி விமானத்திலிருந்து விட்டு, அலையால் வழிநடத்திய ஹென்ஷெல் 293 குண்டு, 1943 ஆகஸ்டில் எக்ரெட் என்ற பிரிட்டிஷ் கப்பலை மூழ்கடித்தது. குண்டுக்குக் கட்டளை அனுப்பும் கருவிக்குக் கேல் என்றும், அதை வாங்கும் கருவிக்கு ஸ்ட்ராஸ்பூர்க் என்றும் பெயர். கார்ல்ஸ்ரூஹேவிலிருந்து ரைன் நதியோடு தெற்கே போனால் எதிரெதிர்க் கரையில் இருக்கும் இரண்டு ஊர்களின் பெயர்கள் அவை. நேசநாட்டுக் கப்பல்கள் சும்மா இருக்கவில்லை. அதே அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டிக் குண்டின் காதை அடைக்கும் கருவிகளை ஏற்றிக்கொண்டன. இந்த உத்தியை நினைவில் வையுங்கள். கார் நிறுத்தும் இடத்தில் மறுபடி வரும்.

போருக்குப் பின் அமெரிக்க வீடுகளில் பட்டனை அழுத்தினால் கராஜ் கதவு ஏறும் வசதி பரவியது. ஆரம்பத்தில் குறியீடு எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் அழுத்தினால் நம் கதவும் ஏறும். பிறகு உள்ளே 8 அல்லது 12 குட்டி சுவிட்ச் வைத்தார்கள். ரிமோட்டிலும் கதவுப் பெட்டியிலும் ஒரே மாதிரி மேலே கீழே தள்ளி வைக்கவேண்டும். 8 சுவிட்சுக்கு 256 சேர்க்கை, 12க்கு 4,096.

கார் பக்கம் முதலில் வந்தது ரேடியோ அலையே இல்லை. 1982இல் பிரான்சின் ரெனோ கம்பெனி தன் ஃப்யூகோ காரில் டிவி ரிமோட்டைப் போல அகச்சிவப்பு ஒளியில் பூட்டும் கருவியைக் கொடுத்தது. அதை உருவாக்கியவர் பால் லிப்ஷுட்ஸ். பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் கார் ரிமோட்டை அவர் பெயரைச் சுருக்கிப் பிளிப் என்கிறார்கள். ஒளி என்பதால் காரை நோக்கிக் குறிபார்த்து அழுத்தவேண்டும். ரேடியோவுக்கு அந்தச் சிரமம் இல்லை, சட்டைப்பைக்குள் இருந்தே அழுத்தலாம். ஹெர்ட்ஸின் மரக்கதவு இங்கே ஜெயித்தது.

ஆனால் மலிவான ரேடியோ ரிமோட்டுக்கு ஒரு நோய் இருந்தது. வெயிலிலும் குளிரிலும் அதன் அலைவரிசை நகர்ந்துவிடும். அதற்கு மருந்து இன்னொரு மூலையிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் ரேலி பிரபு, திடப்பொருளின் மேற்பரப்பை மட்டும் ஒட்டிப் பயணிக்கும் ஒருவகை அதிர்வைப் பற்றிக் கணக்கெழுதி வெளியிட்டார். வருடம் மறுபடியும் 1885! நிலநடுக்கத்தில் தரை புரள்வதை விளக்க உதவிய கணக்கு அது. 1965இல் அமெரிக்காவில் வைட், வோல்ட்மர் என்ற இருவர் படிகத் துண்டின் மேல் சீப்புப் பல் போல உலோகக் கோடுகளைப் பதித்து, மின்சாரத்தை அந்த அதிர்வாக மாற்றிக் காட்டினார்கள். அந்தப் படிகத்தை வைத்து அலைவரிசையை அசையாமல் பிடிக்க முடிந்தது. பழைய ரிமோட்டுக்குள் மூன்று காலோடு வட்டமான தகர மூடி ஒன்று இருக்கும். பெரும்பாலும் அதன் தலையில் 433 என்று பொறித்திருக்கும். குட்டி நிலநடுக்கம் ஒன்று அந்தத் தகர மூடிக்குள் ஓடுகிறது. காரும், அலையும், அலையைப் பிடித்து நிறுத்தும் கணக்கும் ஒரே வருடத்தில் கிளம்பி, ஒரே சாவிக்கொத்தில் வந்து சேர்ந்தது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

1980களில் அமெரிக்காவில் கார் அலாரம் பெரிய வியாபாரமானது. கலிஃபோர்னியாவின் டைரக்டட் எலக்ட்ரானிக்ஸ் விற்ற வைப்பர் அலாரத்துக்குப் பக்கத்தில் போனால் விலகி நிற்கச் சொல்லி ஒரு ஆண் குரல் எச்சரிக்கும். அந்தக் குரல் முதலாளி டேரல் ஐசாவுடையது. அவர் பிற்பாடு அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினரானார். போட்டி நிறுவனமான கிளிஃபோர்டை நடத்திய ஸேவ் ட்ரோரி, பிறகு மின்சாரக் கார் செய்யும் டெஸ்லா நிறுவனத்துக்கே 2007, 2008இல் தலைவராக இருந்தார். 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் கார் திருட்டு கடுமையாக ஏறியது. ஐரோப்பிய ஒன்றியம் 1995இல் பிறப்பித்த உத்தரவின்படி, 1998இலிருந்து புதுக் கார்கள் திருடனை எஞ்சினைக் கிளப்பவிடாத பூட்டோடு ஆலையிலேயே வரவேண்டியதாயிற்று. கார்ல்ஸ்ரூஹே போன்ற ஊர்களில் வெளிக்கடை அலாரத்தின் பொற்காலம் அதோடு சுருங்கியது. நம் ஊரில் அதே சமயத்தில்தான் அது தொடங்கியது. நாசிக்கின் ஆட்டோகாப், நிப்பான் போன்ற பெயர்கள் அப்போதுதான் நம் சாவிக்கொத்துகளில் ஏறின.

இந்த வியாபாரத்தை உலகம் முழுக்க மலிவாக்கியது தைவானின் பிரின்ஸ்டன் டெக்னாலஜி செய்த பி.டி.2262 என்ற சிப். ஒவ்வொரு காலையும் மேலே, கீழே, அல்லது எதோடும் சேர்க்காமல் விடலாம். 12 காலுக்கு 5,31,441 சேர்க்கை. சீன ஆலைகள் அதே கால் அமைப்போடு நகல் எடுத்து, முன்னெழுத்துகளை மட்டும் மாற்றி விற்றன. அலாரத்தில் மட்டுமில்லை, காலிங் பெல், ரோலிங் ஷட்டர், பொம்மை என எல்லாவற்றிலும் அது புகுந்தது. ரிமோட் மாற்றுபவருக்கு இந்தத் தலைமுறை ஒரு வரம். உள்ளே எந்தெந்தக் காலில் ஈயம் வைத்திருக்கிறது என்று பார்த்து, இன்னொரு ரிமோட்டில் அதேபோல் வைத்தால் போதும். பழைய ரிமோட்டை முகத்துக்கு முகம் வைத்து அழுத்தினால் கேட்டு மனப்பாடம் செய்துகொள்ளும் காப்பி ரிமோட்டுகளும் வந்துவிட்டன.

வரம் என்றால் திருடனுக்கும் வரம்தான். குறியீடு மாறாததால், ஒருமுறை ஒட்டுக்கேட்டால் போதும். கேட்கக்கூட வேண்டாம், எல்லாச் சேர்க்கைகளையும் வரிசையாக அனுப்பிப் பார்க்கலாம். 2015இல் ஸாமி காம்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர், கடையில் விற்ற, குழந்தைகளுக்கான இளஞ்சிவப்பு விளையாட்டுச் சாதனம் ஒன்றைத் திருத்தி, 12 சுவிட்ச் கராஜ் கதவுகளைச் சுமார் 8 விநாடியில் திறந்து காட்டினார். சாதாரண வழியில் அதற்கு அரை மணி நேரம் ஆகும். அவர் கையாண்டது டச்சுக் கணிதர் டி பிராய்ன் 1946இல் ஆராய்ந்த ஒரு வரிசை. சேர்க்கைகளைத் தனித்தனியே அனுப்பாமல், ஒன்றின் வால் அடுத்ததன் தலையாக இருக்கும்படி பின்னுவது அதன் சூட்சுமம். இதே பின்னலை நம் நாட்டு யாப்பு மாணவர்கள் நெடுங்காலமாக வாயால் சொல்லி வந்திருக்கிறார்கள். யமாதாராஜபானஸலகம் என்ற வடமொழி நினைவுச் சூத்திரத்தில் குறில், நெடில் மும்மூன்றாகச் சேரும் 8 வகையும் அடங்கிவிடும். தனித்தனியே எழுதினால் 24 அசை வேண்டும். சூத்திரத்துக்கு 10 போதும். செய்யுள் இலக்கணமும் கராஜ் கதவும் ஒரே கணக்கில் மாட்டிக்கொள்ளும் என்று யார் நினைத்திருப்பார்கள்!

ஒட்டுக்கேட்பதற்கு மாற்று தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. 1980களில் கிதியோன் கூன் என்பவர் உருவாக்கிய கீலாக் என்ற சங்கேத முறையை நானோடெக் கம்பெனி சிப்பாக்கியது. 1995இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் அதைச் சுமார் 1 கோடி டாலருக்கு வாங்கியது. ஹெச்.சி.எஸ்.301 போன்ற சிப்புகள் அப்படித்தான் பிறந்தன. இதில் ஒவ்வோர் அழுத்தலுக்கும் குறியீடு மாறும். ஒருமுறை பயன்பட்ட குறியீடு ரேஷன் கடையில் கிழித்த டோக்கனைப் போல, திரும்பக் கொண்டுபோனால் செல்லாது. ரிமோட்டுக்குள் ஓர் எண்ணி ஓடுகிறது, காரில் இருக்கும் பெட்டியும் அதே எண்ணிக்கையை வைத்திருக்கிறது. குழந்தை கையில் ரிமோட் கிடைத்து, காருக்கு எட்டாத தூரத்தில் சில முறை அழுத்தினால் பிரச்சினை இல்லை. அடுத்த 16 எண் வரை பெட்டி பொறுத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் அடுத்தடுத்து இருமுறை அழுத்தச் சொல்லும். சில ரிமோட்டுகள் சில நாள் இரண்டாவது அழுத்தலுக்குத்தான் திறப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரிமோட் மாற்றுபவர்கள் அதிகம் ஏமாறும் இடமும் இதுதான். அதே சிப், அதே அலைவரிசை, அதே பிளாஸ்டிக் கூடு கொண்ட வேறு பிராண்டு ரிமோட்டை வாங்கிவருவார்கள். எல்லாம் ஒன்றாக இருந்தும் கார் திரும்பிப் பார்க்காது. ஒவ்வோர் அலாரம் கம்பெனிக்கும் 64 பிட் நீளமுள்ள ரகசிய எண் ஒன்று உண்டு. அது பெட்டிக்குள்ளும், அந்தக் கம்பெனி நிரப்பிய ரிமோட்டுக்குள்ளும்தான் இருக்கும். காப்பி ரிமோட் இங்கே உதவாது. கேட்டு மனப்பாடம் செய்தது பழைய டோக்கனாகிவிடும். ஆகவே அதே கம்பெனியின் ரிமோட் வேண்டும். புதிதோ பழையதோ, அதைப் பெட்டிக்கு அறிமுகப்படுத்தவும் வேண்டும். அதற்குத்தான் டேஷ்போர்டுக்கு அடியில் ஒளித்துவைத்த வேலே சுவிட்ச். சாவியை ஆன் நிலையில் வைத்து, அந்தச் சுவிட்சைக் குறிப்பிட்ட முறை அழுத்தி, ஹாரனோ இண்டிகேட்டரோ பதில் சொன்னதும் ரிமோட்டை அழுத்தவேண்டும். எத்தனை முறை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதற்காகவே அலாரத்தோடு வந்த கையேட்டைப் பத்திரப்படுத்துங்கள். காரை விற்றால் அதையும் சேர்த்துக் கொடுங்கள்.

கீலாக்கின் ரகசியமும் நிலைக்கவில்லை. 2006இல் அதன் உள்விவரங்கள் ஒரு ரஷ்ய இணையதளத்தில் வெளியாயின. 2008இல் ஜெர்மனியின் போஹும் பல்கலைக்கழகக் குழு, சிப் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்பதை அளந்தே கம்பெனியின் ரகசிய எண்ணைப் பிடித்துவிட்டது. எண் கிடைத்தபின் இரண்டே சிக்னலை ஒட்டுக்கேட்டு ரிமோட்டை நகலெடுக்கலாம் என்று காட்டினார்கள். அக்குழுவில் இருந்த டிமோ காஸ்பர் 2016இல் இன்னொரு குழுவோடு சேர்ந்து, ஃபோக்ஸ்வாகன் குழுமம் 20 வருடமாக விற்ற ஏறத்தாழ 10 கோடி வண்டிகளின் ரிமோட் பூட்டு, கைவிட்டு எண்ணக்கூடிய சில பொது எண்களை நம்பியிருந்ததை வெளிப்படுத்தினார். அதனால் ஆலையிலிருந்து வந்தது பத்திரம், வெளிக்கடையில் போட்டது மட்டம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

போர்க்கால உத்தி திரும்பி வந்ததும் இங்கேதான். காம்கர் 2015இல் காட்டிய இன்னொரு சிறு கருவி, காரின் காதை இரைச்சலால் அடைத்துவிட்டு ரிமோட் அனுப்பியதை மட்டும் பதிவு செய்துகொள்ளும். கார் திறக்காததால் நீங்கள் மறுபடி அழுத்துவீர்கள். அது இரண்டாவதையும் பிடித்துக்கொண்டு முதலாவதை வெளியே விடும். கார் திறக்கும். பயன்படாத இரண்டாவது டோக்கன் திருடன் கையில் இருக்கும்.

அலைவரிசை விஷயத்தில் நாடுகள் பிரிந்து நிற்பது மாற்று ரிமோட் தேடுபவரை நேரடியாகப் பாதிக்கிறது. ஜெர்மனியிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் 433.92 வழக்கம். இந்தியாவிலும் 433, 434 மெகாஹெர்ட்ஸுக்கு இடைப்பட்ட பகுதியைக் குறைந்த சக்தியில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். அமெரிக்காவில் 315. ஜப்பானும் 315ஐ ஒட்டியே இருக்கிறது. இலங்கையில் ஓடும் கார்களில் ஏராளமானவை ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்தவை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் ரிமோட் தேடுபவரும் சென்னை புதுப்பேட்டையில் தேடுபவரும் ஒரே உருவத்தைப் பார்த்து வெவ்வேறு அலையை வாங்கிவிட வாய்ப்புண்டு. தகர மூடியில் உள்ள எண்ணைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று. பழைய ரிமோட்டை இறந்ததாக அறிவிக்கும் முன் அதன் செல்லை மாற்றுங்கள். பலவற்றில் இருப்பது விரல் நுனி அளவுள்ள 12 வோல்ட் செல். அதை உரித்துப் பார்த்தால் 8 பட்டன் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். சிவப்பு விளக்கு எரிகிறதே என்று நம்பக்கூடாது. அலையை அனுப்பப் போதாத மின்சாரத்திலும் விளக்கு எரியும். பட்டன் பிரச்சினை என்றால், ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் மைக்ரோ சுவிட்சை வாங்கி ஈயம் வைத்தால் ரிமோட் பிழைத்துக்கொள்ளும். வேறு கம்பெனி ரிமோட்டோடு மல்லுக்கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். இரண்டும் நடக்காவிட்டால் டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள பெட்டியை ரிமோட்டோடு சேர்த்து மாற்றுவதே கடைசி வழி. கதவுகளில் உள்ள லாக் மோட்டார்களையும் அவற்றின் வயர்களையும் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொள்ளலாம், ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை.

ரிமோட் உண்மையில் எதையாவது அனுப்புகிறதா என்று பார்க்கவும் இப்போது மலிவான வழி உண்டு. கம்ப்யூட்டரில் டிவி பார்க்க விற்ற சின்ன யு.எஸ்.பி. குச்சி ஒன்று, அதிலிருந்த ரியல்டெக் சிப்பின் ஒரு வசதியால், பரந்த அலைவரிசைப் பரப்பைக் கேட்கும் ரேடியோவாக மாறும் என்று 2012 வாக்கில் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். செய்தவர்கள் எண்ணாத பயன் அது. கார்ல்ஸ்ரூஹேவில் 2002 முதல் குலாஷ் புரோகிராமியர்நாஹ்ட் என்ற பெயரில் கணினிக் கைவினைஞர்கள் கூடுகிறார்கள். அந்த வகை மனிதர்களின் பைகளில் இந்தக் குச்சி இருப்பது சகஜம். ரிமோட்டை அழுத்தினால் திரையில் 433.92க்கு நேரே ஒரு பட்டை எழும். ஹெர்ட்ஸ் இருட்டறையில் கண்ணைச் சுருக்கித் தேடிய பொறியை இன்று பகலில், குறைந்த செலவில் பார்க்கலாம்.

புது ரிமோட் கிடைத்துக் காரும் அதை ஏற்றுக்கொண்டபின் இன்னொரு வேலையும் பாக்கி இருக்கிறது. பெட்டிக்குப் பழைய ரிமோட்டுகள் இன்னும் நினைவிருக்கும். முன்பு காரை வைத்திருந்தவர் தொலைத்ததும், மெக்கானிக் கடையில் மறந்துவிட்டு வந்ததும் அதில் சேர்த்தி. பல அலாரம் பெட்டிகளில் நான்கு ரிமோட்டுக்குத்தான் இடம். ஐந்தாவது வந்தால் முதலாவது அழியும். எனவே கையில் ஒரே ரிமோட் இருந்தாலும் அதையே நான்கு முறை தொடர்ந்து அறிமுகப்படுத்துங்கள். பல பெட்டிகள் ஒவ்வொரு முறையையும் புது ரிமோட்டாகக் கணக்கெடுத்து, பழையவற்றை வரிசையாக வெளியே தள்ளிவிடும். சில பெட்டிகளில் நினைவை ஒரேயடியாக அழிக்கும் முறை கையேட்டிலேயே இருக்கும். அதைக் கடையில் நிற்கும்போதே கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.